நான்கு ஸ்பிரிங், இரண்டு பலகை

நம் வீடுகளில் கார் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. வங்கிக் கடன் ஒருவர் பெயரில் இருக்கும். சாலை வரியை இன்னொருவர் கட்டுவார். சாவி வீட்டில் உள்ள எல்லார் கையிலும் சுற்றும்.

எங்கள் வீட்டு மைவியும் அப்படித்தான். 2018-ஆம் ஆண்டுப் பதிவு, 1.5 லிட்டர். கடன் என் பெயரில். விடியற்காலை 4.30 மணிக்குக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூரில் உள்ள வானொலி நிலையத்துக்கு நான் அதில்தான் போகிறேன். காலை நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும், செவ்வாய், வியாழக்கிழமைகளில் அம்மாவை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப் போவதும் அதே கார். சனிக்கிழமை டயாலிசிஸ் முறை தம்பியுடையது. ஞாயிறு சந்தைக்கு அப்பா. ஆகவே 'ஸ்பிரிங் மட்டும் மாற்றிக் காரைக் கொஞ்சம் இறக்குவதா, ஹைலோ போடுவதா' என்ற கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது, அது தம்பி ஒருவனின் கேள்வியாக இருக்கவில்லை. நான்கு பேருடைய கேள்வியாக இருந்தது.

வானொலியில் பேசுகிறவளுக்கு இந்த இரும்பு விவகாரம் எதற்கு என்று கேட்பீர்கள். காலை நேர நிகழ்ச்சியை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: நம் நேயர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் காருக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கும்! அதனால் எழுதுகிறேன்.

கேட்காதவன் கேட்டது

எல்லாம் ஓர் எண்ணெய்க் கசிவில் தொடங்கியது. கார் 110,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. சர்வீசுக்கு விட்ட இடத்தில் போமென் அண்ணன் காரைத் தூக்கி வைத்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் விளக்கடித்துக் காட்டினார். எப்சோர்பரின் உடம்பு முழுக்க ஈரம். புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. "தங்கச்சி, முன்னாடி ரெண்டும் போச்சு. பின்னாடியும் ரொம்ப நாள் தாங்காது. மாத்துனா நாலையும் சேர்த்து மாத்திடுங்க" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, மாத்தறதே மாத்தறோம்... ஹைலோவா போட்டுடலாமா? பாதிக் காசு நான் போடுறேன் லா."

தம்பிக்கு 26 வயது. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறான். அம்மாவின் சிறுநீரகம் செயலிழந்த ஆண்டில், டிப்ளோமா படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவன். அன்றிலிருந்து சம்பளத்தில் ஒரு பங்கை அம்மா கையில் வைத்துவிடுவான். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. கைப்பேசிகூட நான் மாற்றியபோது என் பழையதை வாங்கிக்கொண்டவன். அப்படிப்பட்டவன் முதன்முறையாக ஒன்றைக் கேட்கிறான். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. "சரி" என்று சொல்லிவிடவும் முடியவில்லை. ஏனென்றால் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் அம்மா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு வருகிறவரின் உடம்பு துணி பிழிந்தது போலிருக்கும். சிறிய குலுக்கல்கூடத் தலைசுற்றலாகிவிடும்.

"ஒரு மாசம் டைம் குடு. நானும் படிச்சுக்கறேன், சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்றேன். அவன் முகத்தில் அன்றே பாதி வெளிச்சம்.

ஸ்பிரிங் தாங்கும், எப்சோர்பர் அடக்கும்

நான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஸ்பிரிங்குக்கும் எப்சோர்பருக்கும் உள்ள வேலைப் பிரிவினை. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். எப்சோர்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தை நினைத்துக்கொண்டேன். காலி மண்டபத்தில் கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். எங்கள் கூடத்தில் சுவரெங்கும் பஞ்சு பதித்திருப்பதால் தட்டிய கணமே அடங்கிவிடும். எப்சோர்பர் காருக்குப் பஞ்சு பதித்த சுவர். அது தேய்ந்துபோன கார், ஒரு வேகத்தடையைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். எங்கள் மைவி சில மாதங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அடுத்தது விறைப்பு. நம் ஊர்க் கடைகளில் இதைக் 'கிலோ'வில் சொல்வார்கள். '4 கிலோ ஸ்பிரிங்' என்றால், அந்த ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க 4 கிலோ பாரம் வேண்டும் என்று பொருள். ஒரு ஸ்பிரிங்கின் மேல் கூடுதலாக 40 கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ ஸ்பிரிங் 20 மில்லிமீட்டர் இறங்கும். 4 கிலோ ஸ்பிரிங் 10 மில்லிமீட்டர்தான் இறங்கும். வளைவில் கார் சாயாமல் நிற்பதும் இதனால்தான். குழியில் விழும்போது இடி நேராக முதுகுக்கு வருவதும் இதனால்தான்.

அப்பா ஓய்வுபெறும்வரை லாரி ஓட்டியவர். நான் இதை விளக்கியபோது சிரித்தார். "இதுக்கு எதுக்குக் கணக்கு? லோட் இல்லாத லாரில உக்காந்து பாரு. பத்து டன் தூக்கறதுக்குன்னு போட்ட பட்டை ஸ்பிரிங், வெறும் வண்டில என்ன பண்ணும்? குதிக்கும். அதே லாரி, சரக்கு ஏத்துனா மெத்தை மாதிரி போகும்" என்றார். பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் என்பதை நாற்பது வருடம் முதுகால் படித்தவர் அவர்.

இறக்குவதில் இரண்டு வழி

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். காரை இறக்க நேர்மையான வழிகள் இரண்டு.

முதல் வழி, ஸ்போர்ட் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையான, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கைப் போடுவது. எப்சோர்பர் பழைய வகையே இருக்கலாம். பொதுவாக 20 முதல் 40 மில்லிமீட்டர்வரை இறங்கும். போட்டபின் அந்த உயரம் அப்படியே இருக்கும், மாற்ற முடியாது.

ஏன் விறைப்பாக இருக்க வேண்டும்? காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால், குழியிலும் மேட்டிலும் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் போய்விடுகிறது. மீதி இருக்கும் இடத்துக்குள் அதே இடியைத் தாங்க வேண்டும். ஸ்பிரிங் மெதுவாக இருந்தால் எப்சோர்பர் அடிவரை போய் ரப்பர் தடுப்பில் 'டொக்' என்று மோதும். விறைப்பை அதிகம் கூட்டினாலோ, பழைய எப்சோர்பரால் அந்த ஆட்டத்தை அடக்க முடியாது. அதன் பஞ்சு பழைய ஓசைக்கு அளந்து போட்டது. அதனால்தான், ஏற்கெனவே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எப்சோர்பரின் மேல் புது ஸ்போர்ட் ஸ்பிரிங்கைப் போடுவது வீண் செலவு என்று எல்லாப் போமென்களும் சொல்கிறார்கள்.

இரண்டாவது வழி, நம் பசங்கள் 'ஹைலோ' அல்லது 'அட்ஜஸ்டபள்' என்று சொல்லும் கோயில்ஓவர். எப்சோர்பரும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக வரும். எப்சோர்பரின் உடம்பில் மறை வெட்டியிருக்கும். வளையத்தைச் சாவியால் திருப்பி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். இதிலும் இரண்டு வகை உண்டு. விலை குறைந்ததில், ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும்தான் இறக்க முடியும். இறக்க இறக்க எப்சோர்பர் அமுங்குவதற்கான இடம் குறையும். 'பாடிஷிஃப்ட்' என்ற வகையில், எப்சோர்பரின் அடிப்பகுதியையே தனியாகத் திருப்பி நீளத்தை மாற்றலாம். அமுங்கும் இடம் குறையாது. கடையில் கேட்கும்போது 'ஹைலோவா' என்று மட்டும் கேட்காமல், 'எந்த ஹைலோ' என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

மேலே ஒரு குமிழ் இருக்கும். 24 கிளிக், 32 கிளிக் என்பார்கள். அதைத் திருப்பினால் ஸ்பிரிங் மெதுவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங் இரும்புதான், குமிழைத் திருப்பினால் அதன் கிலோ மாறாது. எப்சோர்பர் எவ்வளவு வேகமாக ஆட்டத்தை அடக்குகிறது என்பது மட்டுமே மாறும். 6 கிலோ ஸ்பிரிங் போட்ட ஹைலோவை எத்தனை கிளிக் தளர்த்தினாலும் அது 6 கிலோ ஸ்பிரிங்தான்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: கம்பெனி ஸ்பிரிங்கையே அறுப்பது. இதை வழி என்று சொல்வதற்கில்லை. சுற்றுகளைக் குறைத்தால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்று யாரும் அளந்து அறுப்பதில்லை. அறுத்த முனை தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. கார் ஒரு மேட்டில் துள்ளிச் சக்கரம் கீழே தொங்கும் கணத்தில், குட்டையான ஸ்பிரிங் இடம் பெயர்ந்துவிடலாம். தம்பியே இதைச் சொல்லி, "அது மட்டும் வேணாம் அக்கா" என்றுவிட்டான்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

இரண்டு சனிக்கிழமைகள் நானும் தம்பியும் கடை கடையாக ஏறினோம். எங்களிடம் சொன்ன விலையைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். மைவிக்கான ஸ்போர்ட் ஸ்பிரிங் நான்கும் 500 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. புது எப்சோர்பர் நான்கும் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஹைலோ செட் 1,800 ரிங்கிட்டிலிருந்து ஆரம்பித்தது. பாடிஷிஃப்ட் அதற்கும் மேலே. இவை தவிரக் கூலியும் அலைன்மென்ட்டும் தனி.

சில இடங்களில் நான் கேள்வி கேட்டால் பதில் தம்பியைப் பார்த்து வரும். கடன் என் பெயரில் இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருக்கவில்லையே! தம்பி ஒவ்வொரு முறையும், "அக்கா காருங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று திருப்பிவிடுவான். 

பண்டமாரான் பக்கம் ஒரு சீனப் பெரியவரின் கடை. அவர் மட்டும் விலையைச் சொல்லுமுன் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் காரில் யார் யார் உட்காருவார்கள்?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தம்பியிடம் திரும்பினார். தம்பி தயாராக வைத்திருந்த வாதத்தை எடுத்து வைத்தான்: "அதுக்குத்தான் அங்கிள் ஹைலோ. வார நாளில் அம்மாவுக்கு ஏத்தி வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை இறக்கிப்பேன்."

பெரியவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் கோணம் மாறும். சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ லேசாகத் திரும்பி நிற்கும். அப்படியே ஓட்டினால் டயரின் உள் விளிம்பு சில மாதங்களில் நூல் தெரியத் தேய்ந்துவிடும். ஆக, ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். வாரம் இரண்டு முறை யார் பார்ப்பார்கள்? தன் கடையில் ஹைலோ வாங்கியவர்களில் பெரும்பாலோர் உயரத்தை இரண்டு முறைதான் மாற்றியிருக்கிறார்கள் என்றார். போட்ட அன்று ஒரு முறை. அடிப்பாகம் கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் இடித்த மறுநாள் இன்னொரு முறை.

இன்னொன்றும் சொன்னார். மைவியின் பின்பக்கம் ஒரே உத்தரம் போன்ற அமைப்பு. அங்கே ஸ்பிரிங் தனி, எப்சோர்பர் தனி. எனவே ஹைலோ செட் வாங்கினாலும், ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் அமைப்பு முன் சக்கரங்களில்தான். பின்னால், தனி ஸ்பிரிங்குக்கு அடியில் ஓர் உயரத் திருகும் தனி எப்சோர்பரும்தான் வரும். 

"ரேஸ் ஓட்டுகிறாயா?" என்று தம்பியிடம் கேட்டார். "இல்ல அங்கிள்." "செப்பாங் போகிறாயா?" "இல்ல." "அப்படியென்றால் உனக்கு வேண்டியது எத்தனை உயரம்? ஒன்றா, பத்தா? ஒன்று போதுமென்றால், பத்துக்கு ஏன் காசு கொடுக்கிறாய்?"

விற்க உட்கார்ந்திருப்பவர் விலை கூடியதை வாங்காதே என்று சொல்வதை அன்றுதான் பார்த்தேன். வீடு திரும்பும் வழியில் தம்பி அதிகம் பேசவில்லை. கோபமில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

பலகைச் சோதனை

ஒரே உயரம்தான் என்றால், அது எந்த உயரம்? 20 மில்லிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங்கும் இருந்தது, 40 இறங்குவதும் இருந்தது. தம்பிக்கு 40 மேல் கண். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி மூடினால்தான் கார் அழகு என்பான்.

எனக்குக் கவலை வேறு. அம்மாவின் இடது முழங்கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இரத்தக்குழாய் இணைப்பு இருக்கிறது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதை ஊன்றி எழக் கூடாது. அம்மா உட்காருவது முன்னால், ஓட்டுநருக்கு இடப்பக்கம். அந்தக் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடி இடது கைக்குத்தான் எட்டும். அதனால் அம்மா வலது கையால் இருக்கையை அழுத்தி, முழங்காலில் பலம் கொடுத்து எழுவார். கார் எவ்வளவு இறங்குகிறதோ, இருக்கையும் அதே அளவு இறங்கும்.

இதை எப்படிப் போட்டுப் பார்ப்பது? வாங்கிப் பூட்டிய பிறகு அம்மாவால் எழ முடியவில்லை என்று தெரிந்து என்ன பயன்? வழியைக் கண்டுபிடித்தவர் அப்பா. "கார இறக்க முடியலன்னா, ஆளை ஏத்து" என்றார்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அப்பா பின்கட்டிலிருந்து இரண்டு பலகைகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர் கனம். காரின் இடது கதவைத் திறந்து, தரையில் ஒரு பலகையைப் போட்டார். அம்மா அதன்மேல் நின்று காரில் ஏறினால், கால் 20 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அம்மாவின் காலுக்கு அது இருக்கை 20 மில்லிமீட்டர் இறங்கியதற்குச் சமம். இரண்டு பலகையும் போட்டால் 40. அவ்வளவுதான். கருவியும் இல்லை, காசும் இல்லை.

அம்மாவுக்கு விளையாட்டாக இருந்தது. "என்னை எதுக்குடா பலகைல ஏத்தறீங்க, பொண்ணு பார்க்க வந்திருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு பலகையில் உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நான்கு முறை செய்தோம்.

இரண்டாவது பலகையையும் போட்டோம். உட்காரும்போது கடைசி நொடியில் கொஞ்சம் 'தொப்'பென்று விழுந்தார். எழும்போது வலது கையை ஊன்றி முயன்றார், பாதிவரை வந்தார், பிறகு தன்னையறியாமல் இடது கை நீண்டு கதவின் ஓரத்தைப் பிடித்தது.

"அம்மா, கை!" என்று முதலில் கத்தியது தம்பிதான்.

அவனே போய் அம்மாவின் வலது தோளைத் தாங்கித் தூக்கினான். பிறகு குனிந்து, மேல் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். "20 போதும் அக்கா" என்றான். அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் பேசத் தேவையிருக்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்த பிறகு உடம்பு இன்னும் தளர்ந்திருக்குமே என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அதனால் அடுத்த வியாழக்கிழமை ஒரு பலகையை மட்டும் கார் பூட்டில் போட்டுக்கொண்டு போனேன். சிகிச்சை முடிந்து வந்த அம்மாவை அதன்மேல் நிற்க வைத்து ஏற்றினேன். வீட்டு வாசலிலும் பலகை போட்டு இறக்கினேன். வலது கை மட்டுமே போதுமாக இருந்தது. மையத்தின் காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை.

பூட்டிய நாள்

புது எப்சோர்பர் நான்கு, அந்தக் காருக்கென்றே செய்த 20 மில்லிமீட்டர் ஸ்போர்ட் ஸ்பிரிங் நான்கு, மேலே உட்காரும் ரப்பர் மவுண்டிங், தடுப்பு ரப்பர் எல்லாம் புதிது. தம்பி சொன்னபடி பாதிக் காசு கொடுத்தான். போமென் அண்ணன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும்போது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே சாய்த்துவிடும். வீட்டு வாசலில் வைத்து இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்கவும்.

அலைன்மென்ட் அன்றே பார்த்தோம். ஒரு வாரம் ஓட்டி, ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மறுபடியும் பார்த்தோம். முன் விளக்குகளின் கோணத்தையும் சரிபார்த்தோம்.

கார் எப்படி ஓடுகிறது? காப்பார் சாலையில் லாரிகள் அமுக்கி அமுக்கி அலை அலையாக ஆக்கிய தார் மேல், பழைய ஆட்டம் இல்லை. ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறி, அடங்கிவிடுகிறது. கூர்மையான குழிகளில் முன்பைவிடக் கொஞ்சம் 'டக்' என்று தெரியும். அதை மறைக்க மாட்டேன். வளைவில் சாய்வு குறைந்திருக்கிறது. இதில் பெரும்பங்கு புது எப்சோர்பருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்புக்கும்தான். கார் 20 மில்லிமீட்டர் இறங்கியதன் பங்கு சிறியது. காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், 20 மில்லிமீட்டர் அதில் 4 விழுக்காடுதான்.

இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாக ஓடும் என்ற கணக்கும் செல்லாது. மைவி போன்ற கார்களில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை ஓர் அளவுக்கு மேல் தலைகீழாகச் சாய்ந்துவிட்டால், சாய்வைத் தடுக்கும் அமைப்பே பலவீனமாகிவிடும். பார்வைக்குத் தாழ்ந்த கார், வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். நம் நாட்டுச் சத்ரியா ஜிடிஐ காரின் ஓட்டத்தை இன்றும் பசங்கள் புகழ்கிறார்கள். புரோட்டோன் 1996-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் வசம் கொண்டுவந்த பிறகு, அந்தப் பொறியாளர்களின் கைவண்ணத்தில் வந்த கார் அது. உயரம், ஸ்பிரிங், எப்சோர்பர் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி அமைத்ததுதான் அதன் பெருமை. தரையைத் தொட்டுக்கொண்டு ஓடியதால் வந்த பெயரில்லை.

நீங்கள் முடிவெடுக்குமுன்

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால், சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

உயரத்தை அடிக்கடி மாற்ற உண்மையான காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர், அகலமான சக்கரம் போட்டு இடைவெளியை நுணுக்கமாக அமைக்க வேண்டியவர், நான்கு மூலையிலும் எடை அளந்து பார்ப்பவர் ஆகியோருக்கு ஹைலோ வேண்டும். அவர்கள் நல்ல ஹைலோவுக்குச் செலவழிப்பது நியாயம். மலிவான ஹைலோவைவிட நல்ல எப்சோர்பரும் அளவான ஸ்பிரிங்கும் எத்தனையோ மேல்.

மற்றவர்களுக்கு, எப்சோர்பர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பிரிங். தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே கூலியில் முடியும்.

வீட்டில் முதியவரோ, முழங்கால் வலி உள்ளவரோ, கர்ப்பிணியோ இருந்தால் பலகைச் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டு பலகைத் துண்டு போதும்.

கண்ணாடியில் கேமரா வைத்து, முன்னால் வாகனம் நின்றால் தானே பிரேக் போடும் வசதி உங்கள் காரில் இருந்தால், உயரத்தை மாற்றுவது அதைப் பாதிக்குமா என்று விற்பனை நிலையத்தில் கேளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத காராக இருந்தால் அதைப் பற்றியும் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 என்று ஒன்று இருக்கிறது. எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது என்பதைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்பதைவிட ஜேபிஜே அலுவலகத்தில் கேட்பது நல்லது.

தம்பி இப்போது தனியாக ஒரு பழைய காருக்குக் காசு சேர்க்கிறான். அது அவன் பெயரில், அவன் மட்டும் ஓட்டப்போகும் கார். "அதுக்கு பாடிஷிஃப்ட் ஹைலோதான், யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று இப்போதே அறிவித்துவிட்டான். யாரும் சொல்லப்போவதில்லை. விட்ட டிப்ளோமாவைப் பகுதி நேரமாக முடிக்கும் பேச்சும் நடுவில் வந்திருக்கிறது. அதற்குப் பாதிக் காசு நான் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கார் தயாரான முதல் சனிக்கிழமை, அம்மாவை மையத்திலிருந்து அழைத்து வந்தவன் தம்பிதான். வேகத்தடைகளில் எறும்பு போல ஊர்ந்தானாம். வீடு வந்து சேர்ந்ததும் அம்மா வலது கையை ஊன்றி எழுந்தார், செருப்பை மாட்டினார், காரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் மாத்திட்டோம்னு சொன்னீங்களே, எனக்கு ஒண்ணும் தெரியலையேடா?" என்றார்.

இத்தனை நாள் படித்து, அலைந்து, அளந்து நாங்கள் வாங்க நினைத்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.